ஏற்காடு ஏற எது நல்லது, பியட்டா அம்பாசிடரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பற்றி நம் நாளிதழின் வார இணைப்பில் வந்த கட்டுரையில், "பத்மினி எடை குறைவு, மலைக்கு அதுதான், அம்பாசிடர் கனம், அது சமவெளி வண்டி" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். சேலத்து டீக்கடைகளிலும் இதே பேச்சுதான் ஓடுகிறது. அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கும் ஊர் இது. இங்கே அந்தக் கணக்கு பாதிதான் சரி. பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் அதை நம்பிப் பணத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எந்த வண்டியைச் சொல்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு. வங்காளத்து உத்தர்பாராவில் 1957 தொடங்கி 2014 வரை வந்தது. நான் சொல்வது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய மார்க் வண்டிகளை. பம்பாய் குர்லாவில் தயாரான பியட் 1100-க்கு 1974-இல் பத்மினி என்று பெயர் வந்தது. அதன் எஞ்சின் 1089 சி.சி. ஊர் வழக்கில் இன்றும் அது பியட்தான். பின்னாளில் வந்த 1800 இசுசு எஞ்சின் அம்பாசிடரில் ஐந்து கியர், தரையில் கியர் தடி. அதை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது நியாயமில்லை. டீசல் அம்பாசிடரை மலைக்கு நினைக்கவே வேண்டாம். ஏறும், ஆனால் பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார்.

இனி எடைக் கணக்கு. அம்பாசிடர் 50 குதிரைத்திறன், எடை சுமார் 1100 கிலோ. பத்மினி 40 குதிரைத்திறன், சுமார் 900 கிலோ. வண்டி காலியாக இருந்தால் டன்னுக்கு அம்பாசிடரில் 45 குதிரைத்திறன், பத்மினியில் 44. அதாவது வித்தியாசமே இல்லை. நான்கு பேரையும் இரண்டு பெட்டியையும் ஏற்றி 350 கிலோ சேர்த்துப் பாருங்கள். அம்பாசிடருக்கு 34-க்கு மேல், பத்மினிக்கு 32. குடும்பத்தோடு போனால் எடை குறைந்த வண்டிதான் தோற்கிறது, ஏனென்றால் ஆட்களின் எடை அதற்குப் பெரிய பங்கு. தனியாகவோ இருவராகவோ போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

அதையும் தாண்டி ஒரு விஷயம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இந்த ஏற்றம் முழுக்க வந்துவிடுகிறது. சராசரியாக நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் மேடு. நான்கு பேரோடு அம்பாசிடரை மணிக்கு 30 கிலோமீட்டரில் இந்த மேட்டில் தூக்க 12, 13 குதிரைத்திறன் போதும். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைந்து எஞ்சின் சக்தி 15 சதவீதம் வரை விழும். அப்படியும் அம்பாசிடரிடம் 42, பத்மினியிடம் 34 மிச்சம். ஆகவே நல்ல நிலையில் உள்ள எந்த வண்டியும் சக்தி போதாமல் நிற்பதில்லை. நிற்பதற்குக் காரணம் வேறு: வளைவில் கியர், வழியில் சூடு.

கியரை எடுத்துக்கொள்வோம். இரண்டு வண்டியிலும் ஸ்டீயரிங்குக்கு அடியில் கியர் தடி, நான்கு கியர். இரண்டிலும் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது ஓடும்போது கியர் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, கிடையாது. சமவெளியில் இது பெரிய குறையில்லை. நின்ற வண்டியை எடுக்க மட்டும்தான் முதல் கியர். கொண்டை ஊசி வளைவில், எதிரே பஸ் இறங்கி வந்து நம் வேகம் பத்துக்கும் கீழே போய்விட்டால், இரண்டாம் கியரில் எஞ்சின் முனக ஆரம்பிக்கும். அப்போது ஓடும் வண்டியில் முதல் கியர் போட வேண்டும். பழகாதவர் தடியை அழுத்தி இழுத்தால் 'கர்ர்' என்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் கியர் பல்லின் முனை கொஞ்சம் தேய்கிறது. டபுள் கிளட்ச்தான் வழி: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு மிதி, மறுபடி கிளட்ச் மிதித்து முதல் கியர். மூன்று அசைவையும் ஒரு நொடிக்குள் செய்ய வேண்டும். வராதவர்கள் கூச்சப்படாமல் வண்டியை முழுக்க நிறுத்தி முதல் கியர் போட்டு எடுப்பதே மேல்.

இந்த இடத்தில்தான் அம்பாசிடரின் கூடுதல் 400 சி.சி. கைகொடுக்கிறது. அம்பாசிடர் எஞ்சின் கீழ் சுற்றிலேயே இழுக்கும். ஆள் ஏற்றிய நிலையிலும் பல வளைவுகளை இரண்டாம் கியரிலேயே முடித்துவிடலாம். பத்மினி சுற்று ஏறினால்தான் இழுக்கும் ரகம். ஆகவே பத்மினிக்காரர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் கட்டிக்கொண்டு, வெளிப்பக்கம் விரித்து எடுத்து வரவேண்டும். எதிரே வருபவர் இடம் கொடுத்தால் சரி. ஏறும் வண்டிக்குத்தான் வழி விடவேண்டும் என்பது சட்டம். சுற்றுலா வண்டிகளுக்கு அது தெரிந்திருந்தால் பாதி கிளட்ச் பிளேட் தப்பிக்கும்.

ஸ்டீயரிங்கில் கதை தலைகீழ். பத்மினியின் ஸ்டீயரிங் பெட்டி, வேகம் குறைந்த வளைவில் லேசாகத் திரும்பும். அம்பாசிடருக்கு ரேக் வகை. வளைவில் நேர்த்தியாக இருக்கும், ஆனால் நிற்கும் வேகத்தில் கனமாக இருக்கும், தோள் வலிக்கும். பத்மினியில் சக்கரத்தைத் திருப்பாமலேயே ஸ்டீயரிங் நான்கு விரற்கடை ஆடினால், பெட்டியின் திருகைச் சரிசெய்து பார்க்கலாம். இறுக்கியும் அடங்கவில்லையென்றால் உள்ளே ரோலரே தேய்ந்துவிட்டது. அதற்குமேல் இறுக்கினால் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. மலையில் அது ஆபத்து.

கியர் தடியின் இணைப்புக் கம்பிகளில் உள்ள புஷ் என்ற சிறு வளையம் தேய்ந்தால் இரண்டு வண்டியும் ஒரே மாதிரி தொல்லை கொடுக்கும்: தடி நடுவில் மாட்டிக்கொண்டு எந்தப் பக்கமும் போகாது. பானெட்டைத் திறந்து கம்பிகளின் நெம்புகளைக் கையால் நியூட்ரலுக்குத் தள்ளினால் விடுபடும். நாலைந்து புஷ்களை மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் யாரும் மாற்றுவதில்லை, மாட்டிக்கொண்ட பிறகுதான் தேடுவார்கள்.

சூடு விஷயம் இதைவிடப் பெரிது. வண்டி மெதுவாகப் போகும், எஞ்சின் முழு வேலை செய்யும், முன்னாலிருந்து காற்று அடிக்காது. ஃபேன் ஒன்றுதான் கதி. உயரம் ஏறும்போது தண்ணீர் கொதிக்கும் அளவும் இறங்குகிறது. ஏற்காட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதை ஈடுகட்டுவது ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங். ஒரு பவுண்டு அழுத்தத்துக்குச் சுமார் ஒன்றரை டிகிரி கூடும். 7 பவுண்டு மூடி ஒழுங்காகப் பிடித்தால் பத்து டிகிரி லாபம். மூடியின் அடி ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பத்து டிகிரியும் போச்சு. கொதிக்கும் வண்டிக்கு ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து தண்ணீர். நம் பக்கம் மேக்னசைட் பூமி, போர் தண்ணீர் கடினமானது. அதைப் பல வருடம் ஊற்றிய ரேடியேட்டரின் பித்தளைக் குழாய்களில் வெள்ளைக் காரை ஏறிவிடுகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: எஞ்சின் நன்றாகச் சூடானபின் அணைத்துவிட்டு, ஃபேன் முழுக்க நின்றதும் ரேடியேட்டரின் முகத்தின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே கொண்டுபோங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் ஜில்லென்று இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவுவது கால் பங்குதான் பலன் தரும், பற்றவைத்த இடங்களையும் அரிக்கும். பழைய ரேடியேட்டர்களின் நல்ல குணம், மேல் தொட்டியின் ஈயப் பற்றைச் சூடுகாட்டிப் பிரித்து, தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுச் சுத்தம் செய்யலாம் என்பது. ராடு விடுவது என்று பட்டறையில் சொன்னால் புரியும். பிறகு போர் தண்ணீர் பக்கமே போகாமல், டிஸ்டில்டு தண்ணீரோடு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டும். கூலன்ட் இங்கே குளிருக்காக அல்ல, துருப் பிடிக்காமல் இருக்க.

"சூடாகுது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடு" என்பது இன்னொரு பழக்கம். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. ஏற்காட்டில் டிசம்பர் காலையில் அந்த வண்டி அரைமணி நேரம், பெட்ரோல் கூடுதலாகப் போகும் சோக்கிலேயே ஓடும். பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். நல்ல தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தால், கொதி வருவதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். திறந்தால் திரும்ப மாட்டுங்கள்.

அப்படியும் கொதித்துவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் இரண்டு வண்டிக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. சிலிண்டர்களின் மேல் மூடியைத்தான் ஹெட் என்கிறோம், அடியிலுள்ள உடல் பிளாக். அம்பாசிடரின் ஹெட் வார்ப்பிரும்பு. பத்மினியின் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது. அம்பாசிடர் ஒருமுறை கொதித்தால் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். பத்மினி ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளைந்து, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் மூடியின் அடியில் தயிர் மாதிரி வெண்மை, சைலன்சரில் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி: இவற்றில் இரண்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை அப்படியே கொட்டுவது ஹெட்டை உடைப்பதற்குச் சமம். நிழலில் நிறுத்தி அரைமணி பொறுத்து, ஈரத்துணியால் மூடியை மெல்லத் திருகி, எஞ்சினை ஓடவிட்டபடி சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும்.

கழற்றிய ஹெட்டின் மேல் நேர்க்கட்டையை மூலைக்கு மூலை வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இலையை விட்டுப் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் இலை நுழைந்தால் ஃபேசிங், அதாவது பரப்பைச் சமமாகச் சீவுவது, தேவை. அதைச் செய்யச் சேலத்தில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஃபேசிங் செய்யச் செய்ய ஹெட்டின் கனம் குறைகிறது, அமுக்கம் ஏறுகிறது, மேட்டில் 'டக் டக்' என்று தட்டும். வாங்கும் முன் ஹெட் எத்தனை முறை பட்டறைக்குப் போனது என்று கேளுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்; 500 கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் முழுக்க ஆறியதும், மறுபடி ஒருமுறை. சூடான அலுமினிய ஹெட்டில் ரெஞ்சை வைக்கவே கூடாது.

இதற்காக அம்பாசிடர் ஹெட்டுக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதில் வால்வு உட்காரும் இடம் ஹெட்டின் இரும்பிலேயே வெட்டியது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபிறகு, எக்சாஸ்ட் வால்வுகள் அந்த இரும்பை அரித்துக்கொண்டு உள்ளே அமிழ்கின்றன. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வருவதுதான் அறிகுறி. 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்த இடைவெளி ஆயிரம் கிலோமீட்டரில் 10 ஆகியிருந்தால், கடினமான சீட் வளையம் அடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பத்மினியில் அலுமினிய ஹெட் என்பதால் ஆரம்பத்திலேயே தனி வளையம் உண்டு.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. அது பழைய பெட்ரோல் பம்பின் டயாபிரம் என்ற சவ்வையும் ரப்பர் குழாய்களையும் ஊறவைத்து உப்பச் செய்கிறது. டேங்கின் பழைய துருவைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கிறது. எத்தனால் தாங்கும் குழாயும் டயாபிரமும் மாற்றாமல் மலைக்குக் கிளம்ப வேண்டாம். பெட்ரோல்-காற்றுக் கலவையும் மெலிகிறது, மெலிந்த கலவை மேட்டில் சூட்டைக் கூட்டும். அந்தக் கலவையைத் தயாரிப்பது கார்புரேட்டர். எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள அம்பாசிடரில் இதைச் சரிசெய்வது சுலபம்: அடியிலுள்ள ஜெட் நட்டை ஒன்றிரண்டு பட்டை கீழே இறக்கினால் கலவை கனமாகும். மேலே உள்ள டாஷ்பாட் குப்பியில் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். காய்ந்திருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு தயக்கம் காட்டும். சோலெக்ஸ் கார்புரேட்டர் உள்ள பத்மினியில் மெயின் ஜெட்டையே ஓர் அளவு பெரியதாக மாற்ற வேண்டியிருக்கும். மதிய வெயிலில் ஏறும்போது பம்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால் பம்பின் மேல் ஈரத்துணி போடுவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கும். காலை எட்டு மணிக்குள் அடிவாரம் தாண்டினால் அந்தத் துணியே தேவைப்படாது.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இறக்கத்தில் அம்பாசிடரின் 200 கிலோ அதற்கு எதிரி. பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் போகும் வழி ஒன்றேதான். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்து பிரேக்கும் போய்விடும், கைபிரேக்தான் மிச்சம். ஹோஸை மடக்கிப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் பத்தாவது வளைவுக்குள் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும், பார்க்கச் சுத்தமாக இருந்தாலும். ஏறிய கியரிலேயே இறங்குவது விதி: இரண்டாம் கியர், பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலை. இந்த ஒரு விஷயத்தில் பத்மினிக்கே என் ஓட்டு.

மற்ற வசதிகளில் பெரிய சண்டை இல்லை. பத்மினி லிட்டருக்கு 11 முதல் 13, அம்பாசிடர் 8 முதல் 10. மலையில் இரண்டுக்கும் குறையும். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளிலும் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பாதைகளிலும் பத்மினி சுலபமாக நுழையும். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் முட்டி இடிக்காமல் உட்கார அம்பாசிடர்தான். உதிரிப்பாகம் அம்பாசிடருக்குக் கொஞ்சம் எளிது, 2014 வரை வந்த வண்டி என்பதால். பத்மினியின் எஞ்சின் சாமான் கிடைக்கும். விளக்கு வளையம், கண்ணாடி பீடிங், கதவுக் கைப்பிடி போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை அலைய வேண்டும். முன் சக்கரம் திரும்பும் மூட்டுகளுக்கு, அதாவது அம்பாசிடரின் டிரன்னியனுக்கும் பத்மினியின் கிங்பின்னுக்கும், 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காவிட்டால் எந்த வண்டியாக இருந்தாலும் முன்பக்கம் ஆடும். டயர் பழைய சரக்கோ என்று சந்தேகம் வந்தால் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம்.

ஆர்.சி. விஷயத்தையும் கட்டுரை விட்டுவிட்டது. 15 வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று 20,000 ரூபாய் கட்டிப் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க அனுமதி இல்லை; கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காடு போக ஆசைப்படுபவர் பெருமைக்காக அந்த எண் பலகையை வாங்கிவிட வேண்டாம்.

குடும்ப வண்டிக்கு அம்பாசிடர், இருவருக்கு பத்மினி என்பது என் கணிப்பு. ஆனால் ராடு விட்ட ரேடியேட்டரும் வளையாத ஹெட்டும் உள்ள பத்மினி, பாலிஷ் மட்டும் போட்ட அம்பாசிடரைவிட நல்ல வண்டி. விற்பவர் ஓமலூர் ரோட்டில் ஓட்டிக் காட்டினால் தலையாட்டிவிட்டு, அடிவாரம் தாண்டி நான்காவது வளைவு வரை வரச் சொல்லுங்கள். மேட்டில் ஓரமாக நிறுத்தி, கைபிரேக் மட்டும் வண்டியைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். முதல் கியரில் எடுக்கும்போது கருகிய வாசனை வந்தால் கிளட்ச் பிளேட்டுக்குத் தனியாக விலையைக் குறைத்துக் கேளுங்கள். அங்கேயே பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி விறைத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்; மேலே போகாமல் வண்டியைத் திருப்பி அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.